கணித மேதை இராமானுஜனும் எங்கள் மண்டபத்துக் கூழாங்கற்களும்

பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை இளைஞர் பகுதிக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். எனக்கு முன்னால் எழுதிய அண்ணன்மார், அக்காமார் எல்லாரும் ஆன்மிகப் பெரியோர்களைப் பற்றி அழகாக எழுதிவிட்டார்கள். நான் பொறியியல் படிக்கிறவன். மேடை ஏறிப் பேசவும் வராது. அதனால் எனக்குப் பழக்கமான பக்கமாகவே போகிறேன். சீனிவாச இராமானுஜன். பெயரைக் கேட்டதும் டாக்சி எண் 1729 கதையா என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அதுவும் வரும், ஆனால் இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு.

போன விடுமுறையில் கோலா தெர்லாவுக்கு வந்திருந்தேன். எங்கள் தோட்டக் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை தேவார வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கணக்குச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். ஆண்டு 5 படிக்கும் ஒரு பாப்பா பின்ன வகுத்தல் செய்துகொண்டிருந்தாள். வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பெருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். ஏன் திருப்ப வேண்டும் என்று கேட்டாள். அதுதான் விதி என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கணக்கு தனக்கு வராது என்று பக்கத்தில் இருந்த தங்கச்சியிடம் மெதுவாகச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று பட்டது. ஏனென்றால் ஏன் திருப்புகிறோம் என்பது எனக்கும் தெரியாது!

எஸ்.பி.எம். தேர்வில் கூடுதல் கணிதத்தில் ஏ வாங்கியவன் நான். சூத்திரங்களை ஒரு சின்ன நோட்டில் எழுதி, பேருந்தில் போகும்போதும் வரும்போதும் மனப்பாடம் செய்தேன். பல்கலைக்கழகத்தின் முதல் பருவத்தில் நுண்கணிதத்தில் தோற்றுப்போனேன். ஒரு சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று விரிவுரையாளர் கேட்டபோது வாயைத் திறக்க முடியவில்லை. குறை அவரிடம் இல்லை, என்னிடம்தான். வீட்டில் அதைச் சொல்ல எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அந்தப் பாடத்தை மறுபடி எடுத்த காலத்தில்தான் இராமானுஜனின் வாழ்க்கையை ஒழுங்காகப் படித்தேன். மேதைகளின் கதை நமக்கு எதற்கு என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன்.

அவர் பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில், அம்மா வழிப் பாட்டி வீட்டில். வளர்ந்தது கும்பகோணம், சாரங்கபாணி சன்னிதித் தெரு. அப்பா ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுபவர். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். வீட்டில் கஷ்டம். வருமானத்துக்காகக் கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்க வைத்துச் சாப்பாடு போட்டார்கள். இரண்டு வயதில் அவருக்கு அம்மை போட்டு, பிழைத்ததே பெரிய காரியம்.

பள்ளியில் ஆசிரியர் வகுத்தலை விளக்கியபோது நடந்ததாக ஒரு கதை உண்டு. மூன்று பழத்தை மூன்று பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு ஒன்று, ஓர் எண்ணை அதே எண்ணால் வகுத்தால் எப்போதும் 1 என்று ஆசிரியர் சொன்னாராம். பழமே இல்லாமல், ஆளும் இல்லாமல் இருந்தால் அப்போதும் ஆளுக்கு ஒன்று கிடைக்குமா என்று இராமானுஜன் கேட்டாராம். நம்ம மண்டபத்துப் பாப்பா கேட்டதும் இதே வகைக் கேள்விதான். அவருக்குக் கிடைத்த ஆசிரியர் என்ன பதில் சொன்னாரோ, நான் சொன்னதைவிட மோசமாக இருந்திருக்காது.

1897-இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்து, அடுத்த ஆண்டு டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் பதினோரு வயதுக்குள் கறந்துவிட்டார். அவர்கள் மூலமாக லோனி எழுதிய முக்கோணவியல் புத்தகம் கிடைத்தது. அதை முடித்துவிட்டு, சைன், கோசைன் பற்றித் தானாகவே சிலவற்றைக் கண்டுபிடித்தார். அவற்றை ஆய்லர் என்ற ஐரோப்பியர் நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார் என்று பிறகு தெரிந்ததும், வெட்கப்பட்டு அந்தத் தாள்களை வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்தார் என்று சொல்வார்கள். நான் என் தேர்வுத் தாளை ஒளித்தேன். அவர் தன் கண்டுபிடிப்பை ஒளித்தார்!

1903-இல், பதினைந்து பதினாறு வயதில், ஒரு நூலகப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. எழுதியவர் ஜி. எஸ். கார். இந்த இடத்தில்தான் நான் படிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். கார் பெரிய கணித மேதை ஒன்றும் கிடையாது. கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்த டியூசன் வாத்தியார். அவருடைய புத்தகத்தில் ஏறக்குறைய 5,000 முடிவுகள் வரிசையாக எண் போட்டு இருக்கும். நிரூபணம் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் ஒரு வரிக் குறிப்புதான். சுருக்கமாகச் சொன்னால், அந்தக் காலத்துச் சூத்திர நோட்டு. நான் பேருந்தில் வைத்துப் படித்தேனே, அதே ஜாதிப் புத்தகம்.

நான் சூத்திரத்தைப் பார்த்தால் மனப்பாடம் செய்வேன். அவர் ஒவ்வொரு சூத்திரத்தையும் ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டார். இது உண்மைதானா? உண்மை என்றால் ஏன்? புத்தகம் பதில் சொல்லாததால் வழியை அவரே போட வேண்டியிருந்தது. ஒன்றுக்கு வழி போட்டபோது அது இன்னொன்றுக்குக் கொண்டுபோய் விட்டது. காரின் முடிவுகள் தீர்ந்த பிறகு அவருடையவை ஆரம்பித்தன. அவற்றைத்தான் நோட்டுப் புத்தகங்களில் எழுதிக்கொண்டே போனார்.

மனப்பாடமே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். இராமானுஜனுக்கு நினைவாற்றல் அபாரம். பை எண்ணின் தசம இலக்கங்களையும் 2-இன் வர்க்கமூலத்தையும் நீளமாக ஒப்பித்து நண்பர்களுக்கு வேடிக்கை காட்டுவார். நம் முன்னோர்களும் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஒப்பித்தவர்கள்தான். கால், அரைக்கால், மாகாணி என்று பின்ன வாய்ப்பாடே வாயில் வைத்திருந்தார்கள். ஆனால் மாலையில் களத்துமேட்டில் நெல் அளக்கும்போதும் கடையில் எண்ணெய் வாங்கும்போதும் அரைக்கால் எவ்வளவு என்று கையில் பிடித்துப் பார்த்தார்கள். வாய்க்கும் கைக்கும் தொடர்பு இருந்தது. எனக்கு அந்தத் தொடர்பு அறுந்துபோயிருந்தது.

கணக்குப் பைத்தியம் அவரை நன்றாகவே படுத்தியது. 1904-இல் பள்ளியில் கணிதப் பரிசு வாங்கி, உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரிக்குப் போனவர், ஆங்கிலம் முதலான மற்றப் பாடங்களைத் தொடாமல் விட்டு உதவித்தொகையை இழந்தார். 1905-இல் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. உடலியல் பாடம் அவருக்குச் சுத்தமாக ஏறவில்லை. எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. 1907-இல் மறுபடி எழுதி மறுபடி தோல்வி. அதோடு கல்லூரி வாசல் மூடிவிட்டது. ஒரு பாடத்தில் தோற்றதற்கே மூன்று வாரம் மறைத்தவன் நான். இவர் இரண்டு கல்லூரியிலும் தோற்று, பட்டமில்லாமல், வேலையில்லாமல், 1909-இல் கல்யாணமும் முடித்து, ஊரில் தலை காட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். மற்றப் பாடத்தை விட்டது சரி என்று நான் சொல்ல மாட்டேன். தம்பிகள் யாரும் இதைச் சாக்காக வைத்து பஹாசா மலேசியாவைக் கைவிட்டுவிடாதீர்கள்.

அந்த ஆண்டுகளில் அவரிடம் இருந்தது ஒரு சிலேட்டு. தாள் வாங்கக் காசு இல்லை. சிலேட்டில் போட்டுப் பார்த்து, துணியைத் தேட நேரமில்லாமல் முழங்கையாலேயே அழித்துவிட்டு, மறுபடி போடுவார். முழங்கையில் தோல் கறுத்துத் தடித்துவிட்டது. முடிவு வந்ததும் அதை மட்டும் நோட்டில் எழுதுவார். அதனால்தான் அந்த நோட்டுகளைப் பார்க்கிறவர்களுக்கு விடைகள் வானத்திலிருந்து விழுந்த மாதிரி தெரிகிறது. வழியெல்லாம் முழங்கையில் அழிந்து போயிருக்கிறது.

நாமக்கல் நாமகிரித் தாயாரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர்கள் குடும்பத்தின் குலதெய்வம். சூத்திரங்கள் தாயாரின் அருளால் கனவில் வந்தன என்று அவரே நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். நானும் தேர்வுக்குப் போகும்முன் விபூதி பூசிக்கொண்டு போகிறவன், அந்த நம்பிக்கையைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் பிள்ளைகளிடம் கனவை மட்டும் சொல்லிவிட்டுச் சிலேட்டைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகிறது பாருங்க. எங்களுக்கெல்லாம் அப்படிக் கனவு வராது, ஆகவே கணக்கு எங்களுக்கு இல்லை என்று அவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

1910-இல் வேலை தேடித் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே துணை ஆட்சியராக இருந்த இராமசாமி ஐயர்தான் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தவர், இந்த மூளையை எழுத்தர் வேலையில் போட்டு வீணாக்க மனமில்லாமல், சென்னைக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்த வழியாக நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவின் தொடர்பு கிடைத்தது. அவர் முதலில் சந்தேகப்பட்டாலும் பிறகு மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்தார்.

1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் இராமானுஜன் வாசகர்களுக்கு ஒரு புதிர் போட்டார். இதன் மதிப்பு என்ன?

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

புள்ளி வைத்த இடத்தில் 5, 6, 7 என்று முடிவே இல்லாமல் போகிறது. மூன்று இதழ் வெளிவந்தும், ஆறு மாதம் ஆகியும் ஒருவரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார். விடை 3.

இதைப் பார்த்ததும் நமக்கு வேண்டாத வேலை என்று நான் தாண்டிப் போயிருப்பேன். ஆனால் இதன் அடிவேர் நம் பிள்ளைகள் கையால் தொடக்கூடியது. அதை மண்டபத்தில் செய்து பார்த்தோம். ஆற்றோரத்தில் பொறுக்கி வந்த கூழாங்கற்கள் 16. வரிசைக்கு 4 என்று நான்கு வரிசை, சதுரமாக அடுக்கினோம். இப்போது கடைசி வரிசையை மட்டும் எடுத்து, மிச்சம் இருக்கும் மூன்று வரிசைக்கும் ஓரத்தில் ஆளுக்கு ஒரு கல் கொடுங்கள். வரிசைக்கு 5 ஆகிவிட்டது. கையில் ஒரு கல் மிச்சம். ஆக, 4 × 4 என்பது 3 × 5, கூட 1. அஞ்சஞ்சாக அடுக்கிச் செய்து பாருங்கள், 4 × 6, கூட 1. எத்தனை பெரிய சதுரமாக இருந்தாலும் கடைசியில் ஒரு கல்தான் மிஞ்சும். ஏன் என்று ஒரு தம்பியே சொன்னான். எடுத்த வரிசையில் இருக்கும் கல்லைவிட மிச்ச வரிசைகள் ஒன்று குறைவு, அதனால். நான் வாயே திறக்கவில்லை.

இப்போது புதிருக்கு வருவோம். 3 என்பது 9-இன் வர்க்கமூலம். 9 என்பது 1 + 2 × 4. அந்த 4 என்பது 16-இன் வர்க்கமூலம், 16 என்பது 1 + 3 × 5. அந்த 5 என்பது 25-இன் வர்க்கமூலம், 25 என்பது 1 + 4 × 6. இப்படியே 6-ஐப் பிரி, 7-ஐப் பிரி. இராமானுஜனின் புதிர் வந்துவிட்டது! முடிவில்லாமல் போனாலும் விடை 3-இலேயே நிற்கும் என்று உறுதிப்படுத்த இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது. ஆனால் படிவம் 1 பிள்ளைக்கு இவ்வளவு போதும்.

1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தரானார். அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் கணிதம் தெரிந்தவர். இரவில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். இராமானுஜன் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவிவிடுவார். நாராயண ஐயர் விடமாட்டார். இரண்டு வரிக்கும் நடுவில் பத்துப் படியாவது எழுதிக் காட்டு, எனக்கே விளங்கவில்லை என்றால் மற்றவர்களுக்கு எப்படி விளங்கும் என்று பிடித்துக்கொள்வாராம். ஹார்டியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இந்த மனிதரைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அது ஒரு குறை. புரியவில்லை என்று ஒத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் அவர். அதிகாரி என்ற கௌரவம் பார்க்கவில்லை.

1913 ஜனவரி 16-இல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு இராமானுஜன் எழுதிய கடிதம் உலகப் புகழ் பெற்றது. அதற்கு முன் வேறு இரண்டு பேராசிரியர்களிடமிருந்து உருப்படியான பதில் வரவில்லை. ஹார்டி தன் நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து அதைப் படித்துப் பார்த்து, இது உண்மையான சரக்கு என்று கண்டுகொண்டார். பதிலில் அவர் கேட்டது நிரூபணத்தை. எப்படித் தெரியும், காட்டு. சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. கடல் தாண்டுவதற்கு வீட்டில் இருந்த தடையும், அம்மாவுக்குக் கனவில் தாயாரின் உத்தரவு கிடைத்து விலகியது. 1914 மார்ச் 17-ஆம் தேதி கப்பல் ஏறினார்.

அவருடைய கடிதத்தில் எல்லாமே சரி என்று நினைக்காதீர்கள். பகா எண்கள் எத்தனை என்று ஏறக்குறைய பிசகில்லாமல் எண்ணிவிட முடியும் என்று அவர் கொடுத்திருந்த முறை தவறு. அவ்வளவு பெரிய உள்ளுணர்வும் நிரூபணம் இல்லாத இடத்தில் சறுக்கியிருக்கிறது. எனக்கு இது ஆறுதலாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஹார்டிக்கு ஒரு தர்மசங்கடம். இவருக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஆனால் ஒரேயடியாகப் பாடம் நடத்தி அவருக்குள் ஓடும் ஊற்றை அடைத்துவிடவும் கூடாது. லிட்டில்வுட் பாடம் எடுக்கப் போனால், ஒன்றைச் சொன்னதும் அதிலிருந்து இராமானுஜன் பத்துப் புதுக் கருத்தைக் கிளப்பிவிட, எடுக்க வந்த பாடம் பாதியில் நின்றுவிடும். கோலா தெர்லாவில் உட்கார்ந்து பதினோரு பிள்ளைகளைச் சமாளிக்கும்போது இந்த இடத்தை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

கேம்பிரிட்ஜ் குளிர் அவரை வாட்டியது. அங்கே படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் ஒருநாள் அவர் அறைக்குப் போனார். பின்னாளில் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர் இவர்தான். இராமானுஜன் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு கம்பளிகளுக்கு மேலே படுத்து நடுங்கியதை அறிந்து, மெத்தையில் செருகியிருக்கும் கம்பளிக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று அவர்தான் காட்டிக்கொடுத்தார். கேமரன் மலைப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நம்ம ஊரில் கைக்குழந்தைக்குக்கூட அது தெரியும்.

ஆனால் சிரிப்பு அதோடு முடிந்துவிடுகிறது. முதல் உலகப் போர். சைவச் சாப்பாடு கிடைப்பது கஷ்டம், அவரே சமைத்துக்கொண்டார். 1916-இல் ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம் கிடைத்தது. எஃப்.ஏ. தேறாதவருக்கு! 1917-இல் படுக்கையில் விழுந்தார். 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ, அந்தக் கல்லூரியில் அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியர். மருத்துவமனையில் பார்க்க வந்த ஹார்டி, தான் வந்த டாக்சியின் எண் 1729, சுவையில்லாத எண் என்று சொல்ல, இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று உடனே சொன்னார். 1-உம் 12-உம், 9-உம் 10-உம். படுத்த படுக்கையிலும் எண்கள் அவருக்குப் பழகின ஆள்கள் மாதிரி இருந்தன.

1919-இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. கடைசி நாள்கள் வரை வலியோடு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். அந்தத் தாள்கள் காணாமல் போய், 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கண்டெடுத்தார். முந்தைய நோட்டுகளில் இருந்த முடிவுகளுக்கு ஒவ்வொன்றாக நிரூபணம் கொடுத்து புரூஸ் பெர்ண்ட் ஐந்து தொகுதிகளை வெளியிட்டு முடித்தது 1998-இல். மனைவி ஜானகி அம்மாள் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்து, 1994 வரை வாழ்ந்தார். அந்த அம்மாவின் கதையை யாராவது ஒரு தங்கச்சி இந்த இதழில் எழுதினால் நன்றாக இருக்கும்.

சென்னையில் பி. கே. சீனிவாசன் என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் இருந்தார், முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில். இராமானுஜனை நேரில் அறிந்தவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களின் நினைவுகளையும் கடிதங்களையும் 1968-இல் நூலாக வெளியிட்டார். 1993-இல் இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகம் அமைந்ததும் அவர் முயற்சியால்தான். அதைக் கணிதக் கல்வி மையமாகவும் வைத்தார். பிள்ளைகள் தாளை மடித்தும் வெட்டியும் அடுக்கியும் தாங்களே கணக்கைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று கடைசிவரை வகுப்பு நடத்தினார். அடுத்த முறை சென்னைக்குப் புடவை வாங்கப் போகிறவர்கள் இராயபுரம் பக்கமும் ஒரு நடை போய் வரலாம்.

மறு சனிக்கிழமை அந்தப் பாப்பாவிடம் பின்ன வகுத்தலுக்குத் திரும்பினேன். இந்த முறை விதியைச் சொல்லவில்லை. அவள் அம்மா காய்கறித் தோட்டத்தில் தக்காளி பொட்டலம் போடுகிறவர். 6 கிலோ தக்காளி இருக்கிறது, அரைக் கிலோ பொட்டலம் எத்தனை போடலாம் என்று கேட்டேன். யோசிக்காமல் 12 என்றாள். அதுதான் 6-ஐ அரையால் வகுப்பது என்றேன். ஒரு கிலோவில் இரண்டு பொட்டலம், அதனால் 2-ஆல் பெருக்குகிறோம் என்று அவளே சொன்னாள். முக்கால் கிலோவில் கால் கிலோ பொட்டலம் மூன்று என்பதும் உடனே வந்தது. கால் கிலோ பொட்டலத்துக்குப் பதிலாக முக்கால் கிலோ பொட்டலம் போட்டால்? இங்கே நின்றாள். நானும் நின்றேன். ஒரு கிலோவில் நாலு கால் கிலோ, மூன்று கால் சேர்ந்தால் ஒரு பொட்டலம், ஆக நாலை மூன்றால் பங்கிட வேண்டும் என்று கல்லை வைத்துக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது. இருபது நிமிடத்தில் பயிற்சிப் புத்தகத்தில் முப்பது கணக்கு முடித்திருக்கலாம் என்று ஒரு அப்பா குறைபட்டுக்கொண்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, தேர்வு வருகிறதே. ஆனால் அந்த முப்பது கணக்கை நான் போட்டுப் பார்த்தவன்.

கடைசியாக இராமானுஜனுக்குப் பிடித்த ஒன்றை விளையாட்டாகக் கொடுத்தேன். ஓர் எண்ணை எத்தனை விதமாகப் பிரித்துக் கூட்டலாம்? 4 என்றால் 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஆக 5 விதம். 5-க்கு 7 விதம். எண் வளர வளர இது பயங்கரமாகப் பெருகும், 100-க்கு 19 கோடியைத் தாண்டிவிடும். இந்த எண்ணிக்கைகளை மாக்மஹோன் என்பவர் கையால் கணக்கிட்டு அட்டவணை போட்டிருந்தார். அதை உற்றுப் பார்த்த இராமானுஜன், 4, 9, 14, 19 என்று ஐந்தைந்தாகத் தாண்டிப் போகும் எண்களுக்கு விடை 5, 30, 135, 490 என்று எப்போதும் ஐந்தால் வகுபடுவதைக் கண்டார். அதை நிரூபிக்கவும் செய்தார்.

6-க்கு எத்தனை விதம் என்று பிள்ளைகளிடம் விட்டேன். விடையை நான் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன், 10. பாப்பா 11 என்றாள். தப்பு, மறுபடி எண்ணிப் பார் என்றேன். அவள் எண்ணவில்லை, கல்லைக் காட்டினாள். இரண்டு, இரண்டு, இரண்டு. நான்தான் விட்டிருந்தேன். எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பன்னிரண்டாவது ஒன்று எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

பெரிய எண்ணிலிருந்து வரிசையாகப் போட்டால் விட்டுப்போகாது என்று ஒருவன் சொல்ல, எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி அடுக்க ஆரம்பித்தார்கள். அதற்குள் பனி இறங்கி மண்டபத்துக்குள்ளேயே வந்துவிட்டது. கம்போங் ராஜா போகும் கடைசி வேனுக்கு நேரமாகிவிட்டதால் பாதியில் நிறுத்தினோம். கற்கள் அப்படியே இருக்கட்டும் என்று பூசாரி ஐயாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.